பழைய ஃபெர்குசன், மாஸிக்கு 'பிடிஓ செட்': ஷாஃப்டுக்காக வாங்கலாம், பேக்கிங்குக்காக வேண்டாம்

சேலத்து ஸ்பேர் கடைகளில் பழைய டிராக்டருக்கு "பிடிஓ செட்" (பின்னால் மாட்டும் ரோட்டவேட்டர் போன்ற கருவியை எஞ்சின் பலத்தில் சுற்றும் ஷாஃப்டும் அதன் உதிரிகளும்) என்று கேட்டால் கனமான அட்டைப்பெட்டி ஒன்று கவுண்டருக்கு வரும். கிரீஸ் தடவி பாலிதீனில் சுற்றிய ஷாஃப்ட், அதில் ஏற்றிய பேரிங், பேரிங்கையும் சீலையும் பிடித்து நிறுத்தும் வார்ப்பிரும்பு ரிடெய்னர், ஒரு ஆயில் சீல், ஒரு ஓ-ரிங், இணைப்பில் எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் நாலைந்து பேக்கிங் பேப்பர், பெயரே இல்லாத சிலிக்கோன் ட்யூப், ஒரு பிடி போல்ட் வாசர். பெட்டியின் மேல் கம்பெனி பெயர் இருக்காது, எந்த வண்டிக்கு என்று மட்டும் பேனாவில் எழுதியிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷாஃப்டும் பேரிங்கும் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ரிடெய்னர் பரவாயில்லை. சீல், பேக்கிங், ட்யூப் மூன்றையும் பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டு வெளியே தனியாக வாங்குங்கள். பெட்டியில் இருப்பதை அப்படியே பூட்டினால் ஒரு சீசன் தாண்டுவதற்குள் பின்னால் எண்ணெய் சொட்டும். எல்லோரும் சீலைத் திட்டுவார்கள். தப்பு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

எந்த வண்டிக்கு எது என்பதில்தான் கடையில் முதல் குழப்பம் வருகிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ-20-க்குப் பின்னால் இருப்பது 1⅛ இஞ்ச் ஷாஃப்ட், பட்டறைக் கணக்கில் ஒரு இஞ்ச் ஒரு நூல். இன்று விற்கும் ரோட்டவேட்டர், ஸ்லாஷர், கதிரடிக்கும் மெஷின் எல்லாவற்றின் யோக்கும் (ஷாஃப்டின் பல்லில் மாட்டும் கவை) ஒரு இஞ்ச் மூணு நூல், அதாவது 1⅜ இஞ்ச், ஆறு பல். நிமிடத்துக்கு 540 சுற்றுக்கான உலக அளவு அதுதான். ஆக, டிஇ-20-க்கு இந்த செட் நிஜமாகவே அப்கிரேட். அதற்குப் பின் வந்த மாஸி 35, அந்த வழியில் நம்மூரில் டாஃபே கொண்டுவந்த 1035 இரண்டிலும் 1⅜ ஏற்கெனவே உண்டு. இவர்களுக்கு இந்தப் பெட்டி பல் தேய்ந்த ஷாஃப்டை மாற்றுவதற்கு மட்டும். 1035-ல் அப்கிரேட் என்றால் சிங்கிள் கிளட்சை டூயல் கிளட்ச் ஆக்குவது. அது வேறு வேலை, கீழே வருகிறது. டிஇ-20 ஷாஃப்டும் மாஸி ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று சேராது. பழைய ஷாஃப்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கடைக்கே எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து நீளம், முன்பக்கப் பல் எண்ணிக்கை, பேரிங் உட்காரும் இடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூணு நூலுக்கு ஏன் போக வேண்டும்? முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 1⅛-ஐ 1⅜ ஆக்கினால் பலம் ஏறத்தாழ 1.8 மடங்கு. 25 குதிரைசக்தியை 540 சுற்றில் எடுத்தால் ஷாஃப்டில் விழும் முறுக்கு சுமார் 330 நியூட்டன் மீட்டர். இது சீராகப் போகும்போது உள்ள கணக்கு. மரவள்ளி பிடுங்கிய காட்டில் ரோட்டவேட்டர் கத்தி கல்லில் அடிக்கும் நொடியில் இதைப்போலப் பல மடங்கு பாயும். சேலம் மாவட்டத்து நிலத்தில் கல்லுக்குப் பஞ்சமா?

ஷாஃப்டைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது பல்லை அல்ல, சீல் உதடு உட்காரும் வழவழப்பான வளையத்தை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கிராமபோன் தட்டுபோல நுண்ணிய சுருள் கோடு தெரிந்தால் லேத்தில் கடைந்ததோடு நிறுத்திவிட்டார்கள், கிரைண்டிங் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சுருள் ஒரு மரைபோல வேலை செய்யும். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற எண்ணெயைச் சீலுக்கு அடியில் வெளியே தள்ளும். சீல் எவ்வளவு உசத்தியானாலும் நிற்காது. கண்ணில் தெரியாத சுருளைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். ஷாஃப்டை லேத்தில் பிடித்து, வளையத்தில் லேசாக எண்ணெய் தடவி, தையல் நூலை அதன்மேல் தொங்கவிட்டுக் கீழ் முனையில் சிறு நட்டு ஒன்றைக் கட்டி மெதுவாகச் சுற்றுங்கள். நூல் இருந்த இடத்திலேயே இருந்தால் நல்ல ஷாஃப்ட். ஒரு பக்கம் நடந்துபோய், திருப்பிச் சுற்றும்போது மறுபக்கம் நடந்தால் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். கிரைண்டிங் கல் பக்கவாட்டில் நகராமல் நேராக உள்ளே இறங்கிக் கடைய வேண்டும் என்று லேத்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். கல் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவே புதிதாகச் சுருள் போட்டுவிடும்.

அடுத்தது கடினம். புது அரத்தின் ஓரத்தால் பல்லின் நுனியை இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, பொடி பொடியாகக் கடித்தால் அது சாதா இரும்பு. சாதா இரும்பில் செய்த ஷாஃப்ட் முறியாது, முறுக்கிக்கொள்ளும். ஆறு பல்லும் லேசாகச் சாய்ந்து நின்றதும் யோக் வெளியே வர மறுக்கும். லேத்தில் சொந்தமாகச் செய்யச் சொல்பவர்கள் ஈஎன் 8 எஃகு வேண்டாம், அதைவிடப் பலமான ஈஎன் 24 எஃகு வாங்கி ஹார்டனிங் செய்து தரச் சொல்லுங்கள். இந்த செட்டில் வரும் ஷாஃப்ட் அரத்துக்கு வழுக்குகிறது. அதனால்தான் அதை வாங்கலாம் என்கிறோம்.

ஷாஃப்டை மாற்றாமல் 1⅛ மேல் மாட்டும் 'அடாப்டர்' குழாயும் அதே கடையில் தொங்கும். மலிவு. ஆனால் பலவீனமான 1⅛ அப்படியே உள்ளே இருக்கும். அதோடு குழாயின் நீளம் யூ-ஜாயிண்டைப் பின்னால் தள்ளுவதால் ஷாஃப்ட் நுனியிலும் பேரிங்கிலும் நெம்புகோல்போல எடை ஏறும். வெல்டிங் அடித்துச் செய்த அடாப்டரைத் தொடவே தொடாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்றென்றால் நொடிக்கு ஒன்பது. அரை மில்லிமீட்டர் மையம் விலகியிருந்தாலும் நொடிக்கு ஒன்பது தடவை பேரிங்கை உதைக்கும்.

அடாப்டர் வாங்கியே தீருவேன் என்றால் ஓவர்ரன்னிங் கப்ளராக வாங்குங்கள். டிஇ-20-லும் சிங்கிள் கிளட்ச் வண்டியிலும் பிடிஓ கியர்பாக்ஸோடு சேர்ந்தே ஓடுகிறது. கிளட்சை மிதித்தாலும் ஸ்லாஷரின் கனமான கத்தி தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி கியர்பாக்ஸுக்குள் புகுந்து சக்கரத்தைத் தள்ளும். சமவெளியில் வரப்பை இடிப்பதோடு போய்விடும். ஏற்காட்டு காபித் தோட்டத்தின் சரிவில் இதுவே வண்டி கவிழக் காரணம் ஆகலாம். இந்தக் கப்ளர் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் சைக்கிள் ஃப்ரீவீல்போல நழுவும். கடையிலேயே கையால் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ கடிகாரம் சுற்றும் பக்கம் சுற்றுகிறது, அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் இல்லாத கப்ளர் வேண்டாம், உள்ளே துருப் பிடித்து ஒருநாள் ஒரேயடியாக இறுகிவிடும். டூயல் கிளட்ச் வண்டிக்கு இது தேவையில்லை.

சீல்

செட்டில் வரும் சீல் ஒற்றை உதடு, ரப்பர் கையில் வளைத்தாலே பிளாஸ்டிக் மாதிரி விறைப்பு. வெளியே வாங்கும்போது டிசி (TC) வகை என்று கேளுங்கள்: உள்ளே ஸ்பிரிங் வைத்த உதடு, வெளியே தூசிக்கு இன்னொரு சின்ன உதடு. பின்னால் மண்ணை வாரி இறைக்கும் ரோட்டவேட்டருக்கு இரண்டாவது உதடு அவசியம். நைட்ரைல் ரப்பரே போதும். 35 மி.மீ. ஷாஃப்ட் 540 சுற்றில் ஓடும்போது உதட்டின் மேல் தேய்ப்பு வேகம் நொடிக்கு ஒரு மீட்டர்தான், அது சீலுக்கு வேலையே இல்லை. நின்ற இடத்தில் காலையிலிருந்து மாலை வரை பிடிஓ ஓடும் கம்ப்ரசர் வண்டிக்கு மட்டும் கதை வேறு. கிணறு வெட்டப் பாறையில் குழி போடும் வண்டியில் பின்பக்க எண்ணெய் ஆறவே நேரம் கிடைக்காது, நைட்ரைல் சூட்டில் வெந்து வெடிப்பு விடும். அதற்கு 'விட்டான்' என்ற சூடு தாங்கும் ரப்பர் சீல் வாங்குங்கள், விலை பல மடங்கு என்றாலும்.

1⅜ இஞ்ச் என்பது 34.93 மி.மீ. அதனால் 35 மி.மீ. சீல் உள்விட்டத்தில் பொருந்திவிடும், கடைக்காரர் அதையே எடுத்துக் கொடுப்பார். வெளிவிட்டத்தில்தான் சிக்கல். ரிடெய்னர் குழி இஞ்ச் அளவில் இருந்து சீல் மி.மீ. அளவில் வந்தால் கைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகும். போனதும் பட்டறையில் சென்டர் பஞ்சால் சுற்றிலும் நாலு குத்து குத்தி நிறுத்திவிடுவார்கள். அந்தக் குத்து சீலைப் பிடிக்கும், எண்ணெயைப் பிடிக்காது. சீல் கையால் போகாமல் தட்டித்தான் போக வேண்டும்.

தட்டுவதற்கும் முறை உண்டு. ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே. இரண்டு உதட்டுக்கு நடுவே பாதி அளவு கிரீஸ். முழுசாக நிரப்பினால் சூட்டில் வழிந்து 'சீல் ஒழுகுது' என்று பயமுறுத்தும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றே சின்னதாக ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்து அடியுங்கள். சுத்தியலால் ஓரத்தில் நேராக அடித்தால் சீல் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் தேயும். ஷாஃப்டை நுழைக்கும்போது பல்லின் கூர்முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க, பல்லின் மேல் செலோடேப்பை ஒரு சுற்று சுற்றி எண்ணெய் தடவி நுழைத்து, பிறகு உரித்துவிடுங்கள். புதுச் சீல் முதல் நாளே ஒழுகினால் நூற்றுக்கு எண்பது இடத்தில் இந்தக் கிழிசல்தான் என்று பட்டறைகளில் சொல்வார்கள். நூற்றுக்கணக்கை விடுங்கள், கிழிசல் உண்மை.

பழைய ஷாஃப்டையே வைத்துக்கொள்பவர்கள் சீல் ஓடிய இடத்தில் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம். அந்த இடத்தில் எந்தச் சீலும் நிற்காது. ரிடெய்னரில் இடம் இருந்தால் புதுச் சீலை இரண்டு மூன்று மி.மீ. முன்னே பின்னே தள்ளி உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் விழும், செலவே இல்லை. இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது ஹார்ட் குரோம் போட்டுக் கிரைண்டிங் பிடிக்கலாம். எம்ரி தாளைப் பிடித்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது மட்டும் கூடாது, மறுபடி சுருள் கோடு.

பேக்கிங்

பெட்டியில் பெரிய ஏமாற்றம் இதுதான். நாலைந்து பேப்பரும் ஒரே கனம், வெர்னியரில் 0.8 மி.மீ. காட்டுகிறது. எல்லா இடத்துக்கும் ஒரே தாளை வெட்டியிருக்கிறார்கள். மூடி போடும் இடத்தில் அது ஓடும். ரிடெய்னரில் ஓடாது, ஏனென்றால் அங்கே பேக்கிங் எண்ணெயை நிறுத்துவதோடு பேரிங்கின் ஆட்டத்தையும் தீர்மானிக்கிறது.

ரிடெய்னரைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் எழும்பி நிற்கும். அது ஹவுசிங்குக்குள் போய் பேரிங்கின் வெளிவளையத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பேக்கிங் கனம் கூடினால் அந்த வளையம் பேரிங்கைத் தொடாது. பேரிங் குழிக்குள் முன்னும் பின்னும் நகரும், ஷாஃப்ட் அதோடு நடக்கும், சீல் உதடு ஒரே இடத்தில் ஓடாமல் அலையும். பேக்கிங் மெலிந்தால் வளையம் பேரிங்கில் முட்டி நின்றுவிடும், தட்டின் ஓரம் ஹவுசிங்கில் உட்காராது. போல்ட்டை இறுக்க இறுக்க ரிடெய்னரின் காது வளைந்து ஒருநாள் முறியும், அதற்குள் எண்ணெய் வழிய ஆரம்பித்திருக்கும்.

அளந்துவிட்டால் இந்தச் சந்தேகமே வராது. பேரிங்கை உள்ளே முட்டும்வரை தட்டி உட்கார வைத்து, வெர்னியரின் வால் நுனியால் ஹவுசிங் முகத்திலிருந்து பேரிங் வெளிவளையம் வரை ஆழம் எடுங்கள். 6.10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரிடெய்னர் வளையத்தின் உயரம் 6.40 என்றால் இடையே மிஞ்சுவது 0.30. அமுங்கிய பிறகு பேக்கிங் 0.30 நிற்க வேண்டும். 0.4 மி.மீ. ஃபைபர் பேப்பர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் அதுவே சரி. செட்டில் வரும் 0.8 தாளைப் போட்டால் அமுங்கிய பிறகும் பேரிங்குக்கு சுமார் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். நாலு இடத்தில் அளந்து பாருங்கள். பழைய வார்ப்பில் நாலும் ஒரே எண் வராது, பெரிய எண்ணையும் சின்ன எண்ணையும் விட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் தாங்கும் ஃபைபர் பேக்கிங் ஷீட்டை வெவ்வேறு கனத்தில் வாங்கிக் கையால் வெட்டினால் செட்டின் விலையில் சின்னத் துண்டுதான் ஆகும். ஷீட்டை ரிடெய்னரின் மேல் வைத்து ஓரத்தில் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டி வெட்டுவது நம் மெக்கானிக்குகளின் கைவந்த கலை. அதை மேஜையில் வைத்த ரிடெய்னரில் செய்யுங்கள். ஹவுசிங் வாயில் வைத்துத் தட்டினால் தாள்பொடி உள்ளே விழும். வார்ப்பு முகத்தின் கூர்மையும் மழுங்கும். போல்ட் துளையைப் பஞ்சால் அடித்து எடுங்கள், போல்ட்டை விட ஒரு மி.மீ. பெரிதாக. கார்க் பேக்கிங் இங்கே கூடாது. தகரத்தில் அழுத்திச் செய்த மெல்லிய மூடிக்குத்தான் கார்க். இறுகிய இடத்தில் அது நசுங்கி வெளியே பிதுங்கிவிடும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது இரண்டு விஷயம். அந்தக் காலத்துப் பேக்கிங்கில் கல்நார் இருக்கலாம். உலர்ந்த நிலையில் வயர் பிரஷ் மெஷின் பிடித்துத் தூள் பறக்கவிடாதீர்கள். டீசலோ தண்ணீரோ தடவி ஊறவைத்துச் சுரண்டுங்கள். உளியை நிமிர்த்திப் பிடித்துக் கொத்தவும் கூடாது. முகத்தில் விழும் ஒரு கீறல் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால். கடைசியில் எண்ணெய்க் கல்லைத் தட்டையாக வைத்து நாலு இழுப்பு இழுத்தால் மேடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இனி அந்தப் பெயரில்லாத ட்யூப். பெட்டியோடு குப்பைக்கு அனுப்புங்கள். சிலிக்கோன் மோசமான சரக்கு என்பதால் அல்ல. அனபாண்ட் போன்ற நல்ல கம்பெனிகளின் ஆர்டிவி சிலிக்கோன் மூடிகளுக்கு அருமையாக நிற்கிறது. சிக்கல், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதில். ஃபெர்குசன் குடும்பத்தில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்த் தொட்டி. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சட்னி மாதிரி அப்பினால் பாதி வெளியே பிதுங்கும், அதை நாம் துடைத்துவிடுவோம். மறுபாதி உள்ளே பிதுங்கும், அதைத் துடைக்க ஆளில்லை. அது காய்ந்து சேமியா மாதிரி இழை இழையாக உதிர்ந்து பம்பின் சல்லடையிலும் வால்விலும் போய் அடையும். பின் சீல் மாற்றிய ஒரு மாதத்தில் லிஃப்ட் தூக்க மறுப்பது இதனால்தான். அப்போது யாரும் இதை நினைப்பதில்லை, பம்பைக் கழற்றுவார்கள்.

அளந்து வெட்டிய பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் கிரீஸை விரலால் மெல்லப் பூசினாலே போதும். முகத்தில் கீறல் இருந்தால் ஹவுசிங் பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவு ஷெல்லாக் (அரக்குப் பசை). பேக்கிங்கே இல்லாமல் இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு லாக்டைட் 515 போன்ற காற்றில்லாத இடத்தில் இறுகும் பசை சரி, கால் மில்லிமீட்டர் இடைவெளி வரை அடைக்கும். வெளியே பிதுங்கியது காயாது, எண்ணெயிலேயே கரைந்துபோகும். ஆனால் தாள் பேக்கிங்குக்கு மேலே அதைப் பூசுவதில் பயனில்லை. இரண்டு முகமும் துணியை ஒற்றினால் கறை படாத அளவு சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுபிசுப்பின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

பூட்டும்போது

செட்டோடு வரும் போல்ட்டைக் கவனியுங்கள். பழைய ஃபெர்குசன், மாஸியில் இஞ்ச் மரை. பெட்டியில் இருப்பது சில சமயம் 10 மி.மீ. போல்ட். மூன்று நூல் துளைக்கு அது சேராது, ஏனென்றால் அதில் இஞ்சுக்கு 16 மரை, இதில் ஏறக்குறைய 17, விட்டமும் கொஞ்சம் பெரிது. நுனி மாட்டியதுமே இறுகும். "மரையில் அழுக்கு" என்று நினைத்துப் பானாவை இழுத்தால் வார்ப்பு வெடிக்கும். அந்த ஹவுசிங்குக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். பழைய போல்ட்டைச் சுத்தம் செய்து அதையே போடுங்கள்.

அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் துணி விட்டு உறிஞ்சி எடுக்காமல் போல்ட்டை இறக்காதீர்கள், எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லாமல் வார்ப்பைப் பிளக்கும். உள்ளே எண்ணெய்வரை திறந்த துளை என்றால் மரை வழியாகவே கசியும், அந்தப் போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு சீலர். கையால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு எதிரெதிராக, மூன்று தவணையில் இறுக்குங்கள்.

டிஇ-20-ன் ஷாஃப்ட் நீளமானது, டிஃபரன்ஷியலுக்கு அடியில் முன்னே போகும். முன்முனைப் பல் உள்ளே சேரும்வரை கையால் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். சுத்தியலைக் கையில் எடுத்தால் பல் நுனி பிதுங்கி, அடுத்த தடவை கழற்றவே முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகினால் பிரீதரைப் பாருங்கள். சொல்லப்போனால் செட் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது அதுதான். மேலே இருக்கும் அந்தச் சின்ன மூச்சுத்துளை மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருக்கும், பெயிண்ட் அடித்தவர்கள் மேலேயே பூசியும் இருப்பார்கள். உள்ளே சூடு ஏறக் காற்று விரிந்து, வழி இல்லாமல், மிக மெல்லிய இடத்தைத் தேடி எண்ணெயைத் தள்ளும். மிக மெல்லிய இடம் சீல் உதடு. சீல் மாற்றியும் மாற்றியும் ஒழுகும் வண்டிகளில் ஐந்து நிமிடம் டீசலில் ஊறவைத்த பிரீதர் குணமாக்கியது அதிகம். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதை. மலையில் இருப்பவர்கள் சரிவில் நிறுத்தி டிப் ஸ்டிக் பார்த்தால் அளவு பொய் சொல்லும், சமதரை தேடிப் போங்கள். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் லீவர் ரப்பர் வழியே தண்ணீர் இறங்கி எண்ணெய் மோர் நிறத்துக்கு வந்திருந்தால் அதை முழுக்க வடித்துவிட்டே புதுச் சீலைப் போடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கசிவுக்கு மலிவான வைத்தியம் ஒன்று. பெட்ரோலால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் பிடிஓவை ஓடவிட்டு நிறுத்துங்கள். முதல் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். பாதி நேரம் அது சீல் அல்ல, இடப்பக்க பிடிஓ லீவரின் ஓ-ரிங், அங்கிருந்து வழிந்து பின்னால் வந்து சொட்டும்.

1035-க்கு டூயல் கிளட்ச்

இது பெட்டி வாங்கிப் பூட்டுகிற வேலை இல்லை. வண்டியை நடுவில் பிளக்க வேண்டும். கிளட்ச் அசெம்பிளியோடு குழல்போல உள்ளீடற்ற பிடிஓ இன்புட் ஷாஃப்ட், அதற்குள் ஓடும் மெயின் ஷாஃப்ட், இரண்டையும் தாங்கும் ரிடெய்னர் எல்லாம் மாறும். பலன் பெரிது: பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ரோட்டவேட்டர் சுற்றும். முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். கதிரடிக்கும் மெஷினுக்கும் ரோட்டவேட்டருக்கும் இதற்கு ஈடில்லை. நின்றே ஓடும் கம்ப்ரசர் வண்டிக்கு இந்தச் செலவு வீண்.

சேலத்தில் செட் வாங்கும்போது இரண்டு சீல் உண்டா என்று எண்ணுங்கள். ரிடெய்னரில் ஒன்று, குழல் ஷாஃப்டுக்கும் மெயின் ஷாஃப்டுக்கும் நடுவில் சின்னதாக ஒன்று. சின்னதை மறந்தால் கியர் எண்ணெய் நேராகக் கிளட்ச் தட்டில் போய் நனைக்கும், மறுபடி வண்டியைப் பிளக்க வேண்டும். கிளட்சை அழுத்தும் மூன்று விரல்களின் உயரம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பிடிஓ போல்ட்டுகளின் இடைவெளி சுமார் 2 மி.மீ., மூன்றிலும் ஒரே ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு). கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையில் ஒரு கொண்டை ஊசி பின் தொங்கும், அதை எடுத்து எறியாதீர்கள். வண்டி ஆட்டத்தில் அது ஆடி ஆடித் துளையை அடைக்காமல் வைத்திருக்கிறது. அங்கே சொட்டுவது கறுப்பாக இருந்தால் எஞ்சின் பின் சீல், பொன்னிறமாகக் கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் சீல். கிளட்ச் வழுக்கும் முன்பே சேதி சொல்லும் இடம் அது.

ஓடவிடும்போது

ஷாஃப்ட் மாறியதும் பிடிஓவிலிருந்து கருவிக்குப் போகும் பழைய புரொப்பெல்லர் ஷாஃப்டை அப்படியே மாட்டாதீர்கள். லிஃப்டை மேலும் கீழும் தூக்கி இறக்கிப் பாருங்கள். மிகக் குறுகும் நிலையில் குழாய் முட்டக் கூடாது, ஓரிரு இஞ்ச் மிச்சம் இருக்க வேண்டும். மிக நீளும் நிலையில் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று அரை அடியாவது இருக்க வேண்டும். முட்டினால் வெட்டும்போது உள், வெளி இரண்டு குழாயிலும் ஒரே அளவு வெட்டுங்கள். இரண்டு பக்க யோக்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கட்டும். ஒரு பல் மாறி மாட்டினால்கூட வண்டி முழுக்க நடுங்கும், அந்த நடுக்கம் முதலில் தின்பது புதுச் சீலை. பத்து நிமிடம் ஐடிலில், அரை மணி நேரம் வெறும் சுமையில் 540-ல், பிறகே வேலைக்கு. பழைய 35-ல் எஞ்சின் 1,500 சுற்றில் 540 வந்துவிடும்.

செட்டில் ஷாஃப்ட் மூடி கொடுப்பதில்லை, அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும். வாங்கிப் போடுங்கள். ஒரு இஞ்ச் மூணு நூல் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு 11 செ.மீ. துணியை இழுக்கும், நொடிக்கு ஒன்பது சுற்று. தோளில் தொங்கும் துண்டின் நுனி அதில் பட்டால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் துண்டு உள்ளே போயிருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையில் வரும் சின்னச் சங்கிலியும் அலங்காரத்துக்கு இல்லை, உறை ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க வண்டியில் கட்டுவதற்கு.

கழற்றிய 1⅛ ஷாஃப்டை இரும்புக் கடைக்குப் போடாமல் கிரீஸ் தடவி வைத்திருங்கள். அதன் முன்பக்கப் பல்லும் நீளமும்தான் அடுத்த தடவை கடையில் ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல்.